உப்புத் தண்ணீர் குடித்த பச்சைக் கார்

சென்ற மாதம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வேலை படிக்கிறவர்களோடு பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பத்தொரு வருடம் கராஜில் நின்றவன், ஏதாவது சொல்வான் என்று நினைத்திருக்க வேண்டும். இப்போது அவர்கள் காரில் ஒரு வயரைச் செருகிவிட்டுத் திரையில் குறையை வாசிக்கிறார்கள். எனக்கு அந்த வித்தை தெரியாது. ஆனாலும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "ஐயா, நீங்க செஞ்ச வேலையில ஆகக் கஷ்டமான வேலை எது?" என்று கேட்டாள். மணல் லொறி ஒன்றின் கியர்பொக்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சேர்ட்டைக் கழற்றும்போதுதான், அது பொய்ப் பதில் என்று உறைத்தது. கியர்பொக்ஸ் கஷ்டமான வேலைதான். ஆனால் அதில் நான் பிழை விடவில்லை. நான் பிழை விட்ட வேலை டொக்டர் இந்திராணியின் பச்சைக் கார். அதை எழுதுவதென்றால் எனக்குத் தொழில் பழக்கிய எங்கள் பாஸைப் பற்றியும் எழுத வேண்டும். அவர் இப்போது இல்லை. டொக்டரம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க குணம், ஒண்டையும் மறைக்காம எழுதுங்க" என்றார்.

நான் வெல்லாவெளிக்காரன். அப்பாவுக்கு வட்டையில் நாலு ஏக்கர் வயல். எனக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினில்தான் கண். பதினெட்டு வயதில் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக்கு வந்து, எட்மண்ட் பாஸின் கராஜில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கழுவினேன், அடுத்த மூன்று வருடம் கழற்றினேன், அதற்குப் பிறகுதான் பூட்ட விட்டார். பயிற்சிக் காலத்தைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

எட்மண்ட் பாஸ் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்தவர். கல்லடிப் பாலத்துக்கு அப்பால், கடலோரமாக டச்பாரில் வீடு. வீட்டில் மனைவி திரேசா அக்காவோடு பறங்கிப் பாஷையும் எங்களோடு தமிழும் பேசுவார். பிள்ளைகள் இல்லை. சத்தம் போடுகிற மனிதர் அல்ல. பிழை விட்டால் பக்கத்தில் வந்து நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நாங்களாகப் பிழையைக் கண்டுபிடிக்கும் வரை அப்படியே நிற்பார். ஏசினால் பரவாயில்லை என்று இருக்கும்.

அவரிடம் ஒரு கட்டாயம் இருந்தது. எஞ்சினில் எந்த வாயைத் திறந்தாலும் உடனே துணி வைத்து அடைக்க வேண்டும். அந்தத் துணியில் ஒரு முழ நூல் கட்டி, நூலின் மறுமுனையை வெளியே தொங்கவிட வேண்டும். இளவயதில் ஒரு பஸ் எஞ்சினுக்குள் துணியை மறந்து பூட்டி, எஞ்சினை உடைத்தவராம். அதற்குப் பிறகு நூல் இல்லாத துணியை அவர் எஞ்சினுக்குக் கிட்டக் கொண்டுபோக விடவில்லை. மட்டக்களப்பில் வேறு எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இனி, கார். டொக்டர் இந்திராணி இளம் டொக்டராக மலைநாட்டில் வேலை செய்தபோது, தோட்டத்தை விட்டு நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, கம்பிச் சக்கரம், எஞ்சினுக்குக் காற்றும் பெற்றோலும் கலந்து கொடுக்க இரட்டைக் காபரேற்றர். நிலத்தோடு பதிந்து பச்சையாக இருந்ததால் காத்தான்குடிப் பக்கத்தில் அதற்குத் தத்துவெட்டி என்று பேர் வைத்திருந்தார்கள். வெட்டுக்கிளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கலியாணம் கட்டாத ஒரு பெண் கூரையைத் திறந்துவிட்டு அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது ஊருக்கு முதலில் புதினமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

டொக்டரம்மா காரை ஓட்டுவதோடு நிற்கிறவர் அல்ல. தானே பொனற்றைத் திறந்து கை வைப்பார். குண்டுங்குழியுமான தெருக்களில் அடிப்பாகம் இடிபட்டபோது, பின் வில்லுகளுக்குக் கீழே மரக்கட்டை வைத்து அரை அங்குலம் உயர்த்த வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். பாஸ் மறுத்தார்.

"டொக்டர், செஞ்சவன் யோசிச்சுத்தான் செஞ்சிருப்பான்."

"செஞ்சவன் கல்லடி ரோட்டப் பாக்கல்ல எட்மண்ட்."

கட்டை வைத்தோம். மரம் அல்ல, பாஸ் இரும்பில் கடைந்து வைத்தார். எஞ்சின் சூடேறுகிறது என்று யப்பான் கார் ஒன்றின் மின்விசிறியை முன்னால் பொருத்தினோம். கூரைத் துணி இற்றுப்போனபோது காத்தான்குடித் தையல்காரர் ஒருவர், கூடாரம் தைக்கும் துணியில் பழைய கூரையை அளவு வைத்துப் புதிதாகத் தைத்துக் கொடுத்தார். மழைக்கு ஒரு துளி உள்ளே வரவில்லை.

ஆனால் இரட்டைக் காபரேற்றரை மட்டும் பாஸ் யாரையும் தொட விடமாட்டார். இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய இழுத்தால் எஞ்சின் நொண்டும். காற்று வடிகளைக் கழற்றிவிட்டு, இரண்டையும் இணைக்கும் தண்டைத் தளர்த்தி, ஒரு இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை முதலாம் காபரேற்றரின் வாயிலும் பிடிப்பார். உள்ளே இழுபடும் காற்றின் இரைச்சலைக் கேட்பார். பிறகு இரண்டாவது. கால் சுற்று, அரைக் கால் சுற்று என்று திருகாணியைத் திருப்பி இரண்டு இரைச்சலையும் ஒன்றாக்குவார். அதன் பின் உள்ளேயிருக்கும் குமிழை ஒரு ஊசியால் மயிரளவு தூக்குவார். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். விழுந்தால் பெற்றோல் குறைவு. கொஞ்சம் கூடித் திரும்பப் பழைய வேகத்துக்கு வந்தால் சரி. ஒருநாள் டொக்டரம்மா தன் பழைய ஸ்டெதஸ்கோப்பின் நெஞ்சில் வைக்கும் தட்டைக் கழற்றிவிட்டுக் குழாயை அவரிடம் கொடுத்தார். "ரெண்டு காதாலயும் கேளுங்க" என்றார். பாஸ் அதற்குப் பிறகு அதைத்தான் பாவித்தார். எனக்கு வலது காது மந்தம். தொண்ணூறாம் ஆண்டு பக்கத்தில் ஒரு ஷெல் விழுந்ததிலிருந்து அப்படி. அதனால் அந்த வேலை எனக்குக் கடைசி வரை வரவில்லை.

சண்டை ஓய்ந்திருந்த இரண்டு மூன்று வருடம் அந்தக் காருக்கு நல்ல காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் டொக்டரம்மா கல்குடாக் கடற்கரை வரை ஓட்டிக்கொண்டு போவார். திங்கட்கிழமை காலையில் கராஜுக்கு வந்து, "நாப்பத்தஞ்சு மைல் வேகத்தில ஒரு சின்ன நடுக்கம் இரிக்கு எட்மண்ட்" என்று தொடங்குவார். பாஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்ப்பார். அவர்கள் இரண்டு பேரும் அந்தக் காரைப் பற்றிப் பேசும்போது ஒரு வீட்டுப் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசுவது போல் இருக்கும்.

சுனாமி வந்தது நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. டொக்டரம்மா ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தார். காரின் பெற்றோல் பம்ப் எங்கள் கராஜ் மேசையில் கழற்றிக் கிடந்ததால், ஆட்டோவில்தான் போயிருந்தார். கார் கல்லடியில், கடற்கரைப் பக்கமிருந்த அவருடைய வீட்டில் நின்றது. பாஸ் புளியந்தீவுக் கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிறு பூசைக்கு வந்திருந்தார். திரேசா அக்காவுக்குக் காய்ச்சல், அவர் டச்பாரில் வீட்டில் படுத்திருந்தார்.

அந்த நாட்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் பங்குக்கு ஒன்றுதான். எங்கள் குடும்பம் தப்பியது. நான் கராஜில் இருந்த லொறியை எடுத்துக்கொண்டு ஆட்களை ஏற்றி இறக்கினேன். பாஸை நான் முதல் நாள் மட்டுந்தான் கண்டேன். காற்சட்டை முழங்கால் வரை சேறு. "கண்டயா?" என்று கேட்டார். "இல்ல பாஸ்" என்றேன். போய்விட்டார்.

திரேசா அக்காவின் உடலை அவர் காணவில்லை. வாவிக்குள் அடித்துக்கொண்டு போனதை யாரோ மீனவர்கள் எடுத்துக் கரை சேர்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கிருந்து அடையாளம் தெரியாத மற்றவர்களோடு லொறியில் ஏற்றி அடக்கம் செய்துவிட்டார்கள். உடல்களை வைத்திருக்க இடமில்லாத நேரம். விரலிலிருந்து கழற்றி, இலக்கமிட்ட உறையில் போட்டிருந்த கலியாண மோதிரந்தான் பாஸின் கைக்கு வந்தது. உள்பக்கத்தில் இரண்டு பேருடைய முதல் எழுத்துகளும் இருந்தன.

மூன்று கிழமை கழித்துக் கராஜைத் திறந்தார். பின்னறையில் ஒரு சாக்குக் கட்டிலைப் போட்டு அங்கேயே தங்கினார். கல்லடிப் பாலத்துக்கு அங்கால் போகவில்லை. வேலை மட்டும் மலை போல வந்தது. கிணறு இறைக்கும் பம்புகள், வள்ளங்களின் எஞ்சின்கள், ஆட்டோக்கள். எல்லாம் கடல் குடித்தவை. டொக்டரம்மா ஒருமுறை எட்டிப்பார்த்து, "என்ட கார் கடைசி. முதல்ல ஆக்கள்ர பிழைப்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாஸ் தலையை நிமிர்த்தவில்லை.

ஆடி மாதமளவில் வேலை குறைந்தது. நான் காரைப் பற்றி எடுத்தேன்.

"அது செத்துப் போச்சு" என்றார் பாஸ். "இரும்புக்குப் போடச் சொல்லு."

"பாக்காமச் சொல்ல ஒண்ணாதே பாஸ்."

"நான் சொல்றன். அதத் தொடாத."

பார்க்காமல் ஒரு மெசினைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற மனிதர் அல்ல அவர். எனக்கு அது புதிதாக இருந்தது. ஆனால் டொக்டரம்மா என்னிடம் தனியாகக் கேட்டிருந்தார். ஆகவே காத்தான்குடி றஹீம் நாநாவின் லொறியில் காரை ஏற்றிவந்து, கராஜின் பின் ஒதுக்கில் இறக்கினேன். பாஸ் அன்று முழுவதும் முன்பக்கத்திலேயே நின்றார்.

இருக்கை மட்டத்துக்கு மணல் இறுகியிருந்தது. கம்பிச் சக்கரம் ஒன்றில் யாருடையதோ சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. அதை அவிழ்க்க எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. வெட்டி எடுக்க மனம் வரவில்லை. பொனற்றைத் திறந்தேன்.

கடல் குடித்த எஞ்சினை ஏழு மாதம் அப்படியே விட்டால், பிஸ்டனும் சிலிண்டரும் துருப்பிடித்து ஒன்றாகிவிடும். அதை எதிர்பார்த்துத்தான் பிளக்குகளைக் கழற்றப் போனேன். ஸ்பானர் வைக்க வேண்டியிருக்கவில்லை. நாலு பிளக்கும் விரலால் திருகிய அளவில்தான் நின்றன. யாரோ ஏற்கெனவே கழற்றித் திரும்பக் கையால் பூட்டியிருந்தார்கள். முதலாவதைக் கழற்றி மூக்கை வைத்தேன். சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய் நாற்றம். நாலு சிலிண்டரிலும் எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. பற்றறியின் வயர் கழற்றப்பட்டிருந்தது. காபரேற்றர் இரண்டின் வாயிலும் நீலக்கட்டம் போட்ட சாரத் துணி அடைத்திருந்தது. இரண்டு துணியிலும் நூல் கட்டி, வெளியே தொங்கவிட்டிருந்தது.

நான் அந்தத் துணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். பாஸ் ஒரு பம்பைப் பூட்டிக்கொண்டிருந்தார். துணியைக் கண்டதும் ஸ்பானரை வைத்தார்.

"எப்ப பாஸ்?"

கையிலிருந்த கிறீஸைத் துடைத்தார். பிறகு, "மூண்டாம் நாள். செவ்வாய்க்கிழமை காலம" என்றார்.

"திங்கக்கிழமை காலமயும் ஆஸ்பத்திரிக்குப் போனனான். திரேசா அங்க இல்ல. அண்டு முழுக்க வாவிக்குள்ள வள்ளத்தில தேடினன். செவ்வாக்கிழமை விடியக் கல்லடிப் பள்ளிக்கூடங்களப் பாத்துக்கொண்டு வந்தன். டொக்டர்ர வீட்டு மதில் விழுந்து கிடக்கு. கார் தெரிஞ்சிது. நிண்டுட்டன் மனே. பிளக்கக் கழட்டி, கியரில போட்டுத் தள்ளித் தண்ணிய வெளியாக்கினன். குசினிக்குள்ள எண்ணெய்ப் போத்தல் ஒண்டு உடையாமக் கிடந்திச்சு. என்ட சாரத்தக் கிழிச்சு அடைச்சன். அர மணித்தியாலம். பெண்சாதியத் தேடிப் போறவன் செய்யிற வேலையா அது?"

துணிகளை நான் மேசையில் வைத்தேன், அவர் தொடர்ந்தார்.

"அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனன். வாசல்ல நிண்டவன் சொல்றான், லொறி இப்பதான் போச்சு எண்டு. உறையத் தந்தாங்க. இப்பதான் போச்சாம். அர மணித்தியாலம் முந்திப் போயிருந்தா அவள்ர முகத்தப் பாத்திருப்பன். என்ட கையால மண் போட்டிருப்பன். இப்ப அவள் எந்தக் குழிக்குள்ள எண்டும் தெரியா."

பிறகு என்னை நேராகப் பார்த்து, "இத டொக்டருக்குச் சொல்லாத. அந்த மனிசி அந்தக் காரில ஏறிறத்துக்கே கூசும். சத்தியம் பண்ணு" என்றார். நான் சத்தியம் பண்ணினேன்.

அந்த எண்ணெயால்தான் எஞ்சின் தப்பியது. வேலையை நான் தனியாகச் செய்தேன். அடியில் ஒயில் தொட்டியின் ஆணியைத் திறந்தபோது முதலில் தெளிந்த உப்புத் தண்ணீர் வந்தது, பிறகு பால்தேத்தண்ணி நிறத்தில் ஒயில் வந்தது. நல்ல தண்ணீரால் கழுவி, உடனே மண்ணெண்ணெய், அதற்குப் பிறகு டீசல் என்று மூன்று முறை கழுவினேன். மூன்றாம் பிஸ்டன் மட்டும் ஒட்டிப் பிடித்திருந்தது. மண்ணெண்ணெயும் கியர் ஒயிலும் கலந்து ஊற்றி, நாலு நாள் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினேன். ஐந்தாம் நாள் அசைந்தது. வயர் முழுவதும் மாற்ற வேண்டியிருந்தது. பெயரிங்குகள் இந்த நாட்டில் இல்லை. கட்டாரில் வேலை செய்த றஹீம் நாநாவின் மகன், அங்கிருந்து இங்கிலாந்துக்கு எழுதி எடுத்து, லீவில் வரும்போது உடுப்புகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து தந்தான்.

இடையில் சண்டை திரும்பத் தொடங்கியது. வெல்லாவெளியிலிருந்து என் தம்பி குடும்பம் பாயும் பானையுமாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரை முழுவதும் அப்படித்தான் வாவியைக் கடந்து வந்தது. கார் வேலை பல மாதம் நின்றது. தத்தித் தத்தித்தான், நாலாவது வருடம் எஞ்சினைப் பூட்டி முடித்தேன்.

ஸ்ராட் வந்தது. ஆனால் நொண்டியது. காபரேற்றர் இரண்டும் ஒத்துவரவில்லை. நானும் குழாயைக் காதில் வைத்து வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. எஞ்சினோ இல்லை என்றது. பாஸ் பத்து முழ தூரத்தில் நின்று வேறு வேலை செய்துகொண்டிருந்தார். அந்த நொண்டல் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஒருநாளும் கிட்ட வரவில்லை.

சண்டை முடிந்த வருடம் டொக்டரம்மா ஓய்வு பெற்றார். கராஜுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். நான் எஞ்சினை எழுப்பினேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "நிப்பாட்டுங்க குணம்" என்றார். என்னை வெளியே மாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"எட்மண்ட் ஏன் இதத் தொடுறாரில்ல? எனக்கு மேல ஏதும் கோவமா?"

"இல்ல டொக்டரம்மா."

"நாலு வருசமா என்ட முகத்தப் பாத்துப் பேசுறாரில்ல. ஆஸ்பத்திரியில திரேசாவ நாங்க ஒழுங்காப் பாக்கல்ல எண்டு நினைக்கிறாரா?"

அப்போதுதான் சத்தியத்தை உடைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை, எண்ணெய்ப் போத்தல், சாரத் துணி, அரை மணித்தியாலம், இப்பதான் போன லொறி. எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டரம்மா மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்த உறையில என்ன இலக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

பாஸ் மோதிரத்தை உறையோடுதான் மேசை லாச்சியில் வைத்திருந்தார். பலமுறை என் கண்ணில் பட்டிருக்கிறது. "நாப்பத்தொண்டு" என்றேன்.

உடனே ஆட்டோவில் ஏறிப் போனார். ஒரு மணித்தியாலத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடு திரும்பி வந்தார். நேரே பாஸிடம் போய், ஒரு வெற்று ஒயில் பீப்பாவில் குந்தினார்.

"எட்மண்ட், குணம் எனக்குச் சொல்லிப்போட்டார். அவர ஏசாதீங்க. இதப் பாருங்க."

பாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

"அந்த மூண்டு நாளும் வந்த ஒவ்வொரு ஆளையும் இதில எழுதினம்" என்றார் டொக்டரம்மா. "நானும் நேர்சுமாருமா மாறி மாறி. பொலிசுக்குக் குடுத்தது வேற கொப்பி. இது நான் வச்சுக்கொண்டது. நாப்பத்தொண்டு என்ட எழுத்து இல்ல. நான் அந்த நேரம் சத்திர சிகிச்சையில நிண்டன். இல்லாட்டி எனக்குத் திரேசாவத் தெரிஞ்சிருக்கும். வாசிக்கட்டா?"

பாஸ் தலையை அசைத்தார்.

"பெண். ஐம்பது வயது மட்டில். மண்ணிறப் பூப்போட்ட கவுண். மோதிரம் ஒண்டு. வாவியிலிருந்து கொண்டுவந்தது திங்கக்கிழமை பின்னேரம் ரெண்டு மணி. கொண்டுபோனது திங்கக்கிழமை பின்னேரம் ஆறேகால். ரெண்டாவது லொறி."

"திங்கக்கிழமையா?" என்றார் பாஸ்.

"திங்கக்கிழமை. நீங்க காருக்குக் கிட்ட நிண்டது செவ்வாய்க்கிழமை. நீங்க வந்தபோது ஒரு லொறி இப்பதான் போச்சு எண்டது உண்மைதான். ஆனா திரேசா அதில போகல்ல. முதல் நாளே போயிட்டா. நீங்க அந்த அர மணித்தியாலம் நிக்காம ஓடி வந்திருந்தாலும் கண்டிருக்க மாட்டீங்க."

பாஸ் கொப்பியை வாங்கினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்த வரியை விரல் வைத்து வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இன்னொண்டு" என்றார் டொக்டரம்மா. "எந்த லொறி எங்க போனது எண்டு பின்பக்கத்தில இரிக்கு. ரெண்டாவது லொறி வடக்கு மயானத்துக்கு. மேற்கு வேலியோரம். அந்த வரிசை எனக்குத் தெரியும். போன வருசம் வேற ஒரு குடும்பத்துக்குக் காட்டிக் குடுத்தனான்."

பாஸ் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழும்பிப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டொக்டரம்மா என்னிடம், "இத நீங்க நாலு வருசத்துக்கு முதலே சொல்லியிருக்கலாம் குணம்" என்றார். அவர் ஏசும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்றுவரை என்னோடு இருக்கிறது. கொப்பி கல்லடியில் அவருடைய அலுமாரியில் இருந்தது. நான் கராஜில் இருந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலந்தான். சத்தியத்தைக் காப்பாற்றினேன் என்ற நினைப்பில், ஒரு மனிதரை நாலு வருடம் அந்த அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவைத்திருந்தேன். கியர்பொக்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தேனே, இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நான் கராஜுக்குப் போனபோது காரின் பொனற் திறந்திருந்தது. பாஸ் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு குனிந்து நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் காணாதவர் போல, "இடத கால் சுத்து கூட்டி வச்சிருக்காய்" என்றார். அவ்வளவுதான். நான் பக்கத்தில் நின்று திருகாணிச் சாவியை நீட்டினேன். முக்கால் மணித்தியாலம் பிடித்தது. ஊசியால் குமிழைத் தூக்கினார். எஞ்சின் கொஞ்சம் எழுந்து, திரும்பித் தன் இடத்தில் அமர்ந்தது. நொண்டல் போய்விட்டது. என் மந்தக் காதுக்கே தெரிந்தது.

டொக்டரம்மா ஒன்பது மணிக்கு வந்தார். பாஸ் சாவியை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"முதல் ஓட்டம் நீங்க போங்க எட்மண்ட். குணத்தையும் கூட்டிக்கொண்டு போங்க. இடம் இந்தத் தாளில கீறியிரிக்கு."

பாஸ் முகம் கழுவி, வெள்ளைச் சேர்ட் மாற்றிக்கொண்டு வந்தார். கூரையைத் திறந்து வைத்தே போனோம். புளியந்தீவிலிருந்து வடக்கே, இரண்டாவது கியரில், மூன்றாவதில். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். "தத்துவெட்டி வருது" என்று ஒரு கிழவர் சொன்னது காதில் விழுந்தது. பாஸ் வழியெல்லாம் எஞ்சினையே கேட்டுக்கொண்டு வந்தார். ஒருமுறை, "நாப்பத்தஞ்சில நடுக்கம் இல்ல" என்றார்.

மயானத்தில் மேற்கு வேலியோரம் மணல்தான். கல் ஒன்றும் இல்லை. சில இடங்களில் யாரோ நட்ட குரோட்டன் செடிகள் நின்றன. டொக்டரம்மா கீறித் தந்த தாளை வைத்து, வேலியின் ஆறாவது கட்டையிலிருந்து பத்து அடி அளந்தேன். "இதுதான் பாஸ்" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்றார். நான் விலகிக் காருக்கு வந்துவிட்டேன்.

அவர் பேசுவது கேட்டது. அவர்களுடைய வீட்டுப் பாஷையில் பேசினார். எனக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. சாதாரணமாக வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர் அன்றைய புதினம் சொல்வது போல, இடையில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு இடத்தில் சிரித்தது போலவும் இருந்தது. பிறகு குனிந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி அந்த இடத்தில் போட்டார். மூன்று தரம் போட்டார்.

திரும்பி வந்தபோது வலது பக்கக் கதவுக்குப் போகவில்லை. இடது பக்கம் வந்து நின்றார். வேலை முடித்த காரின் முதல் ஓட்டத்தில் அவர் எங்களில் யாரையும் ஒருநாளும் ஓட்ட விட்டதில்லை.

"நீ ஓட்டு குணம்" என்றார். "எனக்குக் கண் தெரியல்ல."

நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, ஸ்ராட் பண்ணினேன். மெதுவாகவே ஓட்டினேன்.